காசு உண்டு, வேலி அடைக்க ஆள் இல்லை

யாழ்ப்பாணத்து அரியாலையில் கண்டி வீதியிலிருந்து உட்செல்லும் எந்த ஒழுங்கையில் நடந்தாலும், முன்னொரு காலத்தில் கதியாலும் கிடுகும் பனையோலையுமாக வேலிகள் நின்ற இடங்களில் இன்று சீமெந்து மதில்கள் எழுந்து நிற்பதைக் காண்போர், அதனைச் செல்வத்தின் அடையாளமென்றோ, வெளிநாட்டுப் பணத்தின் ஆடம்பரமென்றோ கொள்வது வழக்கம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் வேலி என்பது அடிக்கடி அடைக்கப்பட வேண்டிய ஒன்று. ஓலை வெட்ட ஒருவன், மிதித்து அடுக்க ஒருவன், உள்ளே நின்று ஒருவனும் வெளியே நின்று ஒருவனுமாக வரிந்து கட்ட இருவர் என்று, ஒரு சிறு வளவைச் சுற்றி அடைப்பதற்கே நாலு பேரின் உழைப்பு வேண்டியிருந்தது. மதிலோ ஒருமுறை எழுப்பினால் ஒரு தலைமுறைக்குக் கவலையில்லை. வேலிக்கு வேண்டியது உழைப்பு, மதிலுக்கு வேண்டியது மூலதனம். ஆகவே உழைக்கும் கைகள் அருகி, காசு மட்டும் வந்து சேருகின்ற ஓர் ஊர், எந்தப் பொருளியல் வல்லுநரின் உபதேசமுமின்றித் தானாகவே வேலியை விட்டு மதிலுக்கு மாறிவிடுகிறது. மதில் கட்டித் தப்பிக்கக்கூடிய காரியங்கள் சில உண்டு. கட்டித் தப்பிக்க முடியாத காரியங்களே அதிகம். தேங்காய் பிடுங்குவதும், கிணறு இறைப்பதும், படுக்கையிற் கிடக்கும் முதியவரைத் தூக்கி இருத்துவதும் அத்தகையன.

இவ்விவகாரத்தை ஊர்ப்புலம்பலாக விட்டுவிடாமல் ஆராய விரும்புவோருக்கு, 1958ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் பொருளியலறிஞர் பால் சாமுவேல்சன் வெளியிட்ட ஒரு கட்டுரை உற்ற துணையாகும். பிரான்ஸ் தேசத்து மொறிஸ் அலே 1947இலேயே இக்கருத்தைத் தொட்டிருந்தாரெனினும், ஒன்றன்மேலொன்று கவிந்து நிற்கும் தலைமுறைகள் பற்றிய மாதிரியுரு என்று இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுவது சாமுவேல்சனின் பெயரோடுதான் பிரசித்தி பெற்றது. அதன் கற்பனை மிக எளியது. மனிதர் இளமையில் உழைப்பர். முதுமையில் உழைக்கமாட்டார், ஆனால் உண்பர். விளைந்த பொருள் எதையும் இளமையிலிருந்து முதுமைக்கு எடுத்துச் செல்ல முடியாது. அது அன்றன்றைக்கு அழிந்துபோவது. இன்றைய இளைஞன் இன்றைய முதியவனுக்குச் சோறிடுவானாயின், அதற்குக் கைம்மாறு செய்ய அம்முதியவன் நாளை உயிரோடிருக்கப் போவதில்லை. அவ்விளைஞன் முதுமையுற்ற காலத்தில் அவனுக்குச் சோறிட வேண்டியவனோ இன்னும் பிறக்கவேயில்லை. பிறவாதவனோடு ஒப்பந்தம் எழுதுவது எப்படி? ஒவ்வொருவரும் தத்தம் நலத்தை மட்டும் கருதிச் சந்தையில் நடந்துகொண்டால், கிழவர்கள் பட்டினி கிடக்க, இளைஞர்கள் தேவைக்கு மிஞ்சியதை அழியவிட, யாருக்கும் நன்மையில்லாத ஒரு நிலையில் அச்சமுதாயம் நின்றுவிடும்.

இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கு அவர் காட்டிய வழிகள் இரண்டு. சமுதாயம் முழுவதும் கூடி, இளையோர் முதியோரைத் தாங்க வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாக நிற்கும் ஒரு விதியை வகுத்துக்கொள்ளலாம், அது ஒரு வழி. மற்றது, உண்ணவும் உடுக்கவும் உதவாத வெறுங் காகிதத்தைப் பணமென்று ஒப்புக்கொள்வது. இளைஞன் தன் உழைப்பின் பயனில் ஒரு பங்கை முதியவனிடம் கொடுத்துக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொள்கிறான். தான் முதியவனானபோது அடுத்த இளைஞன் அதே காகிதத்தை வாங்கிக்கொண்டு தனக்குச் சோறிடுவான் என்ற நம்பிக்கையே அவனை அவ்வாறு செய்யத் தூண்டுகிறது. பணத்தைப் பற்றிப் படித்தவற்றில் இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிட்டியதில்லை. இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. வங்கிப் புத்தகத்தைத் திறந்து பார்த்து மனநிறைவு கொள்ளும் எவரும் அதனை எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. முதுமைக்காகச் சேமிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நாம் சேர்த்து வைப்பதெல்லாம், இனி உழைக்கப்போகும் ஒருவரின் உழைப்பின்மீது எழுதப்பட்ட உரிமைச் சீட்டு மாத்திரமே. சீட்டு எவ்வளவு தடித்திருந்தாலும், அதை ஏற்று உழைக்க ஆள் வேண்டும். இடைக்காலத்தில் அச்சீட்டின் பெறுமதியை எவரும் சுரண்டாமலிருக்கவும் வேண்டும்.

சாமுவேல்சன் முதலாவதாகச் சொன்ன சமுதாய விதி யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் தேசாதிபதி சைமன்ஸ் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707இல் தொகுத்த தேசவழமையைச் சீதன வழக்குக்காகவும் ஒத்தி வழக்குக்காகவும் புரட்டுவோர் பலர்; அது தலைமுறைகளுக்கிடையே எழுதப்பட்ட ஓர் உடன்படிக்கை என்ற கண்ணோடு படிப்போர் சிலரே. பெற்றோர் உயிரோடிருக்கும் காலம்வரை ஆண்மக்கள் சொத்தில் எதையும் உரிமையோடு கேட்க முடியாது. மணமாகும்வரை தாம் ஈட்டியவற்றை, மேனியில் அணிந்த பொன் வெள்ளி ஆபரணங்கள் நீங்கலாக, குடும்பத்தின் பொதுச் சொத்திலே சேர்த்துவிட வேண்டும். பெற்றோர் கடன்வைத்து இறந்தால் அக்கடனைத் தீர்க்கும் பாரமும் அவர்களையே சாரும். பெண்மக்களோ சீதனம் பெற்றதோடு தம் பங்கை முடித்துக்கொள்வர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்று பகுப்புகளும், எந்தச் சொத்து எந்தத் தலைமுறையிலிருந்து வந்து எந்தத் தலைமுறைக்குப் போகிறது என்ற கணக்கைப் பிசகாமல் வைத்திருப்பதற்கு ஏற்பட்ட ஏற்பாடுகளே. மகனின் இளமை உழைப்பைத் தந்தை பெறுகிறான், மகன் பின்னர் காணியைப் பெறுகிறான். இடையில் நாணயம் தேவைப்படவில்லை. அவ்வேற்பாட்டைப் பொற்காலமென்று போற்ற நான் முன்வரமாட்டேன். காணியில்லாத குடிகளுக்கும், அடிமை குடிமை என்று ஒடுக்கப்பட்டோருக்கும் அதில் கிடைத்தது சுமை மட்டுமே. வாரிசுரிமை பற்றிய அதன் பழைய விதிகள் பலவும் 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு மாறிவிட்டன. ஆயினும் சட்டம் மாறிய பின்னரும், சீதன வீட்டில் மகளோடு பெற்றோர் இருந்து கண்மூடும் வழக்கம் அரியாலை முதலிய ஊர்களில் நெடுங்காலம் நிலைத்தது.

அவ்வழக்கத்தை முதலில் அசைத்தது புகைவண்டி. 1905இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இரும்புப்பாதை பூர்த்தியானபின், ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் கொழும்புக் கந்தோர்களுக்கும், அதற்கு முன்னரே தொடங்கிவிட்ட மலாயாப் பிரயாணத்தின் தொடர்ச்சியாக அந்நாட்டு ரயில்வேக்கும் அரசாங்க இலிகிதர் பதவிகளுக்கும் போயினர். மாதந்தோறும் மணியோடர் வந்தது. தந்தையின் தோட்டத்தில் உழைத்துப் பெற்றோரைத் தாங்கியவனின் இடத்தில், தொலைவில் உழைத்துக் காகிதத்தை அனுப்புகின்ற மகன் வந்து நின்றான். அக்காகிதத்தை வாங்கிக்கொண்டு அவன் தந்தையின் தோட்டத்தைக் கொத்த அயலூர் இளைஞன் ஒருவன் இருந்தபடியால் காரியம் நடந்தது. அக்காலத்தில் சேவை முடிந்து ஊர் திரும்பிய மலாயாப் பென்சன்காரர், கோயில் தருமகர்த்தாவாகவும் வாசிகசாலைத் தலைவராகவும் விளங்கிய கதை யாவரும் அறிந்தது. அறிந்தும் மறந்தது, அவ்வாழ்க்கை எத்தகைய மெல்லிய ஆதாரத்தில் நின்றதென்பது. 1942 பெப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததோடு மலாயாவுக்கும் இலங்கைக்குமிடையே தபால் நின்றது; மணியோடரும் நின்றது. அங்கே பிள்ளைகள் உழைத்து ஈட்டியதோ, வாழைமரம் அச்சிட்ட ஜப்பானியத் தாள். மூன்றரை ஆண்டு அத்தாளைச் சேர்த்து வைத்தோர், 1945 செப்டெம்பரில் பிரித்தானியர் திரும்பி வந்து அது செல்லாதென்று அறிவித்தபோது, தம் இளமையின் மூன்றரை ஆண்டுகளையே இழந்தவராயினர். அடுத்து வருபவன் ஏற்பான் என்ற நம்பிக்கை அறுந்தால் பணம் என்ன ஆகும் என்பதற்குப் பாடநூலில் தேடிப் போக வேண்டிய அவசியம் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு இல்லை.

மாதிரியுருவின் அடுத்த படி உழைப்பைப் பற்றியது. றொபேட் லூக்காஸ் 1972இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வில், இளைஞன் எவ்வளவு நேரம் உழைப்பது என்பதைத் தானே தீர்மானிக்கிறான். உழைத்து விளைத்ததை முதியோருக்கு விற்றுப் பணம் பெற்று, தன் முதுமையில் அதைச் செலவிடுகிறான். இன்று தன் விளைபொருளுக்குக் கிடைக்கும் விலைக்கும், முதுமையில் அப்பணம் வாங்கக்கூடியதற்குமுள்ள பொருத்தமே அவன் உழைப்பின் அளவை நிர்ணயிக்கும். சந்தைகளோ ஒன்றுக்கொன்று செய்தி தெரியாமல் பிரிந்து நிற்கின்றன. தன் சந்தையில் விலை ஏறினால், தன் பொருளுக்கு மெய்யாகவே கிராக்கி கூடியதா, அல்லது நாட்டில் பணம் பெருகியதால் எல்லாமே ஏறியதா என்று அவனால் பகுத்தறிய முடிவதில்லை. ஒன்றையொன்று அறியாத தீவுகளை உவமையாக வைத்து எட்மண்ட் ஃபெல்ப்ஸ் சற்று முன்னர் இதனை விளக்கியிருந்தார்; நெடுந்தீவும் நயினாதீவும் அயலிற் கிடக்கும் நமக்கு அவ்வுவமை விளங்குவதற்குச் சிரமமில்லை.

இதற்கு உதாரணமாக நான் காட்டுவது 1970 முதல் 1977 வரையிலான காலம். அன்றைய அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, குடாநாட்டுத் தோட்டக்காரனின் விளைச்சலுக்கு மற்றப் பொருள்களோடு ஒப்பிடுகையில் மெய்யான விலையேற்றம் கிடைத்தது. 1956இன் மொழிச் சட்டத்தால் கந்தோர்க் கதவும், பின்னர் தரப்படுத்தலால் பல்கலைக்கழகக் கதவும் ஒடுங்கிப்போயிருந்த இளைஞர் பலர், பென்சன் இல்லாத தொழிலென்று தந்தையர் இகழ்ந்த தோட்டத்துக்குத் திரும்பினர். மண்ணெண்ணெய் இயந்திரம் வைத்து இறைத்தார்கள், கல்வீடு கட்டினார்கள். 1977இன் இறுதியில் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அவ்விலை சரிந்தது, உற்சாகமும் சரிந்தது. அந்த இளைஞர் சோம்பேறிகளாய் மாறிவிட்டார்கள் என்று அப்போது முணுமுணுத்த பெரியவர்கள் உண்டு. சோம்பலுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. உழைப்பின் எதிர்காலப் பெறுமதி குறைந்ததென்று கண்டவன் வேறு வழி தேடினான், அவ்வளவே. அவ்வழி, போரும் சேர்ந்துகொண்டபடியால், ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றது.

இனி நம் காலத்துக்கு வருவோம். சாமுவேல்சனின் கட்டுரை வெளிவந்த அதே 1958இல்தான் இலங்கை நாடாளுமன்றம் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் ஊழியர் சேமலாப நிதியை நிறுவியது என்பது தற்செயலான பொருத்தம். தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் இன்று அதிற் சேருகின்றன. ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் பெற்றுக்கொள்ளலாம். பெயரளவில் இது ஒவ்வொருவரின் சொந்தச் சேமிப்பு. ஆனால் அந்நிதியின் மிகப் பெரும் பகுதி, நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல், அரசாங்கத்தின் முறிகளிலேயே இடப்பட்டிருக்கிறது. பீற்றர் டயமண்ட் 1965இல் இம்மாதிரியுருவில் மூலதனத்தையும் அரசாங்கக் கடனையும் புகுத்தி ஆராய்ந்தபோது காட்டியது யாதெனில், இளையோரின் சேமிப்பை அரசாங்கக் கடன் விழுங்கினால், அடுத்த தலைமுறை உழைப்பதற்குரிய கருவிகளில் அது சென்று சேராது என்பதே. அரியாலையிலிருந்து கொழும்புக் கடையொன்றில் முப்பது ஆண்டு நின்று உழைத்தவனின் 20 வீதம், ஓர் ஆலையாகவோ துறைமுகமாகவோ மாறி அவன் பிள்ளையின் உழைப்பை வளப்படுத்தியிருந்தால், பிள்ளையின் விளைச்சலிலிருந்து அவனுக்குப் பங்கு கிடைப்பது இயல்பாயிருக்கும். அது பெருமளவுக்கு அன்றன்றைய அரசாங்கச் செலவாகக் கரைந்துபோயிற்று. பதிலாக இருப்பது, பிள்ளையிடம் வரி அறவிட்டுத் தருவோம் என்ற வாக்குறுதி.

2020 தொடக்கம் 2022 வரை நிகழ்ந்தது அவ்வாக்குறுதியின் முதற் பரீட்சை. 2019 இறுதியில் நூறு பில்லியன் ரூபாவுக்குக் குறைவாக இருந்த மத்திய வங்கியின் அரசாங்கப் பிணைப் பத்திர இருப்பு, 2022இல் இரண்டு டிரில்லியனைத் தாண்டியது. அதாவது வருமானம் போதாத அரசாங்கத்துக்கு மத்திய வங்கி பணம் ஆக்கிக் கொடுத்தது. எல்லோர் கையிலுமுள்ள பணமும் ஒரே விகிதத்தில், யாவரும் அறியப் பெருகுமாயின் மெய்யான வாழ்க்கையில் ஒரு மாற்றமும் நேராது என்பது லூக்காஸ் காட்டிய உண்மை. ஆனால் இங்கே புதிய பணம் கிழவியின் சேமிப்புப் புத்தகத்தில் வந்து விழவில்லை. அது அரசாங்கத்தின் கையில் முதலில் விழுந்து, விலையேற்றமாக மாத்திரம் அவளிடம் வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருள்களுக்கு மாத்திரம் 94.9 வீதம். கணக்குத் தெரிந்தோர் போட்டுப் பார்க்கலாம்: அதற்கு ஓராண்டு முன் 10 இலட்சம் ரூபாவை வைத்திருந்தவர், ஓராண்டின் பின் அதனைக் கொண்டு வாங்கக்கூடியது முன்னைய விலையில் 5 இலட்சத்து 89 ஆயிரத்துக்குரிய பொருளை மட்டுமே. மூத்த பிரஜைகளுக்கு வழங்கப்பட்டு வந்த 15 வீத விசேட வைப்பு வட்டித் திட்டமும் அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 2022 ஆகஸ்டில் 340 ரூபாவாயிற்று. தோட்டக்காரனின் இயந்திரமும் கடற்றொழிலாளியின் படகும் அதில்தான் ஓடின.

இரண்டாவது பரீட்சை 2023இல் வந்தது. வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று 2022 ஏப்ரல் 12ஆம் தேதி அறிவித்த அரசாங்கம், உள்நாட்டுக் கடனையும் சீரமைக்க வேண்டுமென்று 2023 யூலை 1ஆம் தேதி நாடாளுமன்றத்தின் அனுமதியைப் பெற்றது. வங்கிகளின் முறிகள் தொடப்படவில்லை. தொட்டால் வைப்பாளர்கள் வரிசையில் நின்று பணத்தை மீளப் பெற, வங்கிகள் சரியும் என்ற நியாயம் சொல்லப்பட்டது. அந்நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊழியர் சேமலாப நிதியின் முறிகள் மாற்றப்பட்டன: 2025 வரை 12 வீத வட்டி, அதன்பின் முதிர்வுவரை 9 வீதம். இணங்காவிட்டால் நிதியின் வருமானத்துக்கு 14 வீத வரிக்குப் பதிலாக 30 வீத வரி என்று சட்டம் செய்யப்பட்டது. இதனை இணக்கம் என்று அழைப்பதற்கு மிகுந்த துணிவு வேண்டும். வங்கியில் வைத்தவன் எழுந்து போக முடியும், சேமலாப நிதியில் வைத்தவன் 55 வயதுவரை எழுந்து போக முடியாது. போக முடியாதவனின் மீதே பாரம் வைக்கப்பட்டது என்பதுதான் அவ்விவகாரத்தின் சாரம். 2023இன் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்குப் பணம் ஆக்கிக் கொடுப்பதை இனி விலக்கியிருப்பது நல்ல காரியம். சட்டத்தை ஆக்கியவர்களே அதைத் திருத்தவும் கூடியவர்கள் என்பதையும் மறப்பதற்கில்லை.

இவற்றையெல்லாம் கண்டு இருபது வயது இளைஞன் என்ன தீர்மானம் செய்வான்? எத்தொழிலில் எத்தனை மணிநேரம் உழைப்பது என்பதையே அவன் தீர்மானிப்பதாக மாதிரியுரு கொள்ளும். நம்மூர் இளைஞனோ அதற்கு முன்னதாக வேறொன்றைத் தீர்மானிக்கிறான்: எந்த நாட்டு நாணயத்துக்காக உழைப்பது என்பதை. ரூபாவில் உழைத்து ரூபாவில் சேமித்தால் முதுமையில் எஞ்சுவது என்ன என்று தந்தையின் அநுபவம் அவனுக்குச் சொல்லிவிட்டது. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையிலிருந்து 3 இலட்சத்து 11 ஆயிரம் பேர்வரை வேலைக்காக வெளிநாடு சென்றனர். அதற்குமுன் எந்த ஆண்டிலும் அத்தனை பேர் சென்றதில்லை. உத்தியோகபூர்வமாகப் பதிவு செய்யாமல், காணியை ஈடுவைத்து முகவருக்குக் கொடுத்துப் போகின்றவர்கள் அத்தொகையிற் சேரார். பிரயாணச் செலவுக்கு விற்கப்படும் காணி, தந்தையின் முதுமைக்கு ஆதாரமாக இருந்த முதுசம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மக்கள்தொகை பெருகும் வேகமே இத்தகைய சமுதாயத்தில் இயற்கையான வட்டி வீதமாகும் என்று சாமுவேல்சன் ஒரு முடிவு கண்டார். இளையோர் தொகை முதியோரினும் பெருகிக்கொண்டிருந்தால், ஒவ்வொருவரும் சிறிதளவே கொடுத்தாலும், முதியோருக்குத் தாம் இளமையில் கொடுத்ததைவிட அதிகம் கிடைக்கும். இளையோர் தொகை சுருங்கினால் கொடுத்ததும் கிடைக்காது. யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 1981இல் 7 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல். 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரம். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பதாயிருந்த நாடாளுமன்ற ஆசனங்கள் 2024இல் ஆறாகக் குறைந்ததைப் பற்றி மேடைகளில் முழங்குவோர் பலர். அதே கணக்கின்படி நம் முதியோருக்குரிய இயற்கை வட்டி வீதம் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டதைப் பற்றி வாய்திறப்போரைக் காணோம்.

இவ்விடத்தில் ஒரு தடையை எழுப்பலாம். பிள்ளைகள் போனாலும் பணம் வருகிறதே. 2021இல் உத்தியோகபூர்வ நாணய மாற்று வீதம் செயற்கையாக இறுக்கப்பட்டபோது வங்கியைவிட்டு உண்டியலுக்குப் போன பணம்கூட மீண்டு, 2022இல் 3.8 பில்லியன் டொலராக வீழ்ந்திருந்த நாட்டின் வெளிநாட்டு உழைப்பு வருமானம் 2024இல் 6.5 பில்லியனைத் தாண்டிவிட்டதே என்று. தடை நியாயமானதே. கனடாவில் மகன் உழைக்கும் உழைப்பு டொலராக வந்து, அந்த டொலர் பருப்பாகவும் மாவாகவும் பால்மாவாகவும் மருந்தாகவும் மாறும்போது, அரியாலைக் கிழவரின் முதுமையை எங்கோ முகம்தெரியாத தேசங்களின் இளையோர் தாங்குகிறார்கள். கப்பலில் ஏற்றக்கூடிய பொருள்களின் மட்டில் உலகமே ஒரு குடும்பம். ஆனால் முதுமை ஏற ஏற, மனிதனுக்கு வேண்டியவற்றில் கப்பலில் ஏற்ற முடியாதவையே மிகுந்து வருகின்றன. எண்பது வயதில் ஒருவருக்குத் தேவைப்படுவது புதிய தொலைக்காட்சிப் பெட்டியன்று. இரவில் எழுப்பி மலசலகூடத்துக்கு அழைத்துச் செல்ல ஒரு கை. அதை விற்பவர் ஊரிலேயே இருந்தாக வேண்டும். அவர்கள் சிலராகவும், டொலரோடு வாங்க வருபவர்கள் பலராகவும் இருந்தால், விலை ஏறுமேயன்றிக் கைகள் பெருகமாட்டா. வெளிநாட்டுப் பிள்ளையில்லாத முதியவரோ அவ்விலையைக் கேட்டே திரும்பிவிடுகிறார். ஊர்ச் சங்கங்கள் கோபுரத்துக்கும் திருவிழாவுக்கும் சேர்க்கும் பணத்தை எண்ணும்போது இது நினைவில் வரவேண்டும் என்று சொன்னால் பக்தர்கள் கோபிக்கக்கூடும், கோபிக்கட்டும்.

பொன்னில் நம்பிக்கை வைத்தோரின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990களின் தொடக்கத்தில் குடும்பத்துக்கு இரண்டு பவுண் என்று விடுதலைப் புலிகள் இயக்கம் திருப்பித் தருவதாகச் சொல்லிப் பெற்றுக்கொண்டது. பொன் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது, வாக்களித்தோனின் ஆயுளோடு பிணைந்த வாக்கு. 1995 அக்டோபர் 30ஆம் தேதி செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தபோது, வீடும் காணியும் கிணறும் நின்ற இடத்தில் நிற்க, தாலிக்கொடியும் காப்பும் மட்டும் கூட வந்தன. அந்த நாளை அறிந்த பெண்ணொருத்தி வங்கி வட்டியைவிட நகையை நம்பினால், அவளைப் பேதை என்று சொல்ல எந்தப் பொருளியல் பேராசிரியருக்கும் யோக்கியதை இல்லை. எனினும் அடகுக்கடையில் அந்நகையை வாங்கிக்கொண்டு தருவதும் ரூபாத்தாளே. அத்தாளை வாங்கி வேலை செய்யவும் ஆள் தேவையே.

ஆகவே இப்பிரச்சினையின் உயிர்நிலை, ஊரில் எஞ்சி நின்று இவ்வுழைப்பைத் தருகின்றவர்களிடத்தில் இருக்கிறது. இன்று கனடாவிலும் இலண்டனிலும் சுவிஸிலும் உள்ள பிள்ளைகள், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள அயலிலிருந்து ஒரு பெண்ணை மாதச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதினள். போரில் கணவனை இழந்தவளாகவோ, பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவளாகவோ இருப்பாள். காலையில் வந்து தேநீர் வைத்து, மருந்து கொடுத்து, குளிக்க வார்த்து, உடுப்புத் தோய்த்து, சமைத்து வைத்துவிட்டுப் பொழுதுபட வீடு திரும்புவாள். வீட்டுப் பணியாளர் ஊழியர் சேமலாப நிதியின் பாதுகாப்புக்கு வெளியே நிற்பவர்கள். விவசாயிகளுக்கென 1987இலும் மீனவர்களுக்கென 1990இலும் ஏற்பட்ட ஓய்வூதியத் திட்டங்களிலும் அவளுக்கு இடமில்லை. நாட்டின் தொழிலாளரில் பாதிக்கு மேற்பட்டோர், மேசனும் தச்சனும் கூலியாளும் உட்பட, இவ்வாறே எந்த நிதிக்கும் உட்படாதவர்கள். ஒரு தலைமுறையின் முதுமையைத் தாங்குகின்ற இவளுடைய முதுமையை எந்தத் தலைமுறை, எந்தச் சீட்டைப் பெற்றுத் தாங்கும் என்ற கேள்விக்கு மாதிரியுருவிலும் விடையில்லை, சட்டத்திலும் விடையில்லை.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் அவளை வேலைக்கு அமர்த்தியவர்களுக்கு இல்லை. கடையில் நிற்கும் ஊழியனுக்கு முதலாளி கொடுக்க வேண்டிய 12 வீதத்தை, இவளுக்கும் சம்பளத்துக்கு மேலாகக் கணக்கிட்டு, அவள் பெயரில் தனிக் கணக்கொன்றில் மாதந்தோறும் இடலாம். மாதச் சம்பளம் 40,000 ரூபாவென்று கொண்டால் அது 4,800 ரூபா, டொலரில் உழைப்பவனுக்குப் பொருட்டன்று. ரூபாவின் பெறுமதி சுரண்டப்படும் என்ற அச்சம் அதற்கும் உண்டாதலின், தம் சேமிப்பை வெளிநாட்டு நாணயத்தில் வைத்துப் பாதுகாக்கும் பிள்ளைகள், அவள் பங்கையும் அவ்வாறே தங்கள் பக்கத்தில் வைத்து, வேலை முடியும் நாளில் அன்றைய மாற்று வீதத்தில் கொடுப்பதென்று எழுத்தில் ஒப்புக்கொள்ளலாம். அரசாங்கமோ, 9 வீதத்துக்கு இறக்கப்பட்ட முறிகளின் இழப்பைச் சேமலாப நிதி அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டறிக்கையில் பொருளின் விலையோடு ஒப்பிட்டுக் காட்டவும், வீட்டுப் பணியாளரையும் நாட்கூலியாளரையும் நிதியில் சேர்க்கும் திருத்தத்தைக் கொண்டுவரவும் கடமைப்பட்டது. அதனைக் கேட்டு வாங்குவதற்கு நம்மிடம் இன்னும் ஆறு ஆசனங்கள் இருக்கின்றன.